படிக்காத ஐந்து பக்கங்கள்

எழுபத்திரண்டு வயதில் எட்டு நாள் வெளியூர்ப் பயணம் வேண்டாம் என்று மனைவி சொன்னாள். மகன் சொன்னான். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தாரும் சொன்னார். மூன்று பேர் சொன்னதையும் கேட்காமல் போன பங்குனியில் மயிலாடுதுறையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போனேன். போன இடத்தில் சின்னச்சாமி என்ற மனிதருக்கு என்னால் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வழியில் பார்த்ததையும் தின்றதையும் விட்டுவிட்டு அதை மட்டும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவி, கட்டம் கட்டமாக அணுக்களை எண்ணுவது தொழில். ஓய்வுபெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. படிக்கட்டு, மின்கம்பம், கல்யாணப் பந்தியில் காலி நாற்காலி என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். மனைவி இதை வியாதி என்கிறாள்.

என்னை அழைத்தவர் டாக்டர் எஸ்தர். பாளையம்பட்டியில் பிறந்து, பதினேழு வயதில் படிக்கப் போய், இப்போது ஜெர்மனியில் ஒரு ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவர். ரத்தம் உறைவதற்கும் மூளை நோய்க்கும் உள்ள தொடர்புதான் அவர் ஆராய்ச்சி. திருச்சுழிப் பக்கம் சில குடும்பங்களில் ஐம்பது வயதிலேயே ஞாபகம் அழிந்துபோகிறது என்று அவருடைய சித்தப்பா சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பங்களின் ரத்தம் வேண்டும். வெயிலில் கெடாமல் அதை எடுத்துத் தர, பழகிய கை ஒன்று வேண்டும். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு டாக்டர் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் லாட்ஜில் இறங்கினேன். இருபத்திரண்டு படி, கைப்பிடி கிடையாது. குழாயில் தண்ணீர் காலையில் நாற்பது நிமிடம் வருமாம். எங்கள் பக்கம் வாய்க்காலைத் தாண்டாமல் நூறு அடி நடக்க முடியாது; இங்கே ஒருவர் தண்ணீர் வரும் நேரத்தைக் கோயில் பூஜை நேரம் போலச் சொல்கிறார். இரவுச் சாப்பாடு புரோட்டா. நான் சைவம், சால்னா வேண்டாம் என்றேன். சப்ளையர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எதுல முக்கித் திம்பீக?" என்றார். கடைசியில் சீனி கொண்டுவந்து வைத்தார்.

டாக்டர் எஸ்தர் மூன்று புரோட்டா சாப்பிட்டுக்கொண்டே தன் ஆராய்ச்சியை விளக்கினார். ரத்தத்தில் கரைந்து ஓடும் ஒரு புரதம் உண்டு. காயம் பட்டால் அது நூலாக மாறி வலை பின்னி ரத்தத்தை நிறுத்துகிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது மீதி. மூளையில் ரத்தக் குழாயின் சுவர் கசிந்தால், காயமே இல்லாத இடத்தில் அந்தப் புரதம் இறங்கி நூலாகிறது. மூளையின் காவல் அணுக்கள் அந்த நூலைத் தொட்டதும் வெறிபிடித்து, பக்கத்தில் இருக்கும் நல்ல நரம்புகளை அழிக்கத் தொடங்குகின்றன.

"அப்படியானால் ரத்தம் உறையாமல் செய்கிற மாத்திரை கொடுத்தால் போதாதா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இதத்தேன் கேப்பாக, சார்," என்றார். ஊர் மண்ணை மிதித்த உடனே அவருக்கு அந்தப் பேச்சு திரும்பிவிட்டிருந்தது. "போதாது. உறையிறத நிப்பாட்டுனா ஆளு ரத்தம் கொட்டிச் செத்துருவான். அந்தக் காவல் அணு நூலைப் பிடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அத மட்டும் அடைக்கணும். எலியில ஓரளவு அடைச்சிருக்கோம். மனுசனுக்கு இன்னும் மருந்து இல்ல."

இதை முதல் நாளே அவர் எனக்குச் சொன்னார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வேனில் கிளம்பினோம். டிரைவர் கருப்பையா, நரிக்குடிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். திருச்சுழி தாண்டி ஏழு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் புகைந்தது, பதினொன்று எண்ணினேன். கண்மாய் என்று கருப்பையா காட்டிய இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "தண்ணி எப்போது வரும்?" என்று கேட்டேன். "வார வருசம் வரும்யா," என்றார். அதைத் தாமதமான பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

ஊரில் ஒருவரும் கையை நீட்டவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டார்களாம். உப்பு, தீப்பெட்டி, உறை மோர் எதுவும் படி தாண்டாது. ரத்தமும் வீட்டுப் பொருள்தானே என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். டாக்டர் சிரித்துவிட்டு, "மறந்தே போச்சு. எங்க அம்மாச்சியும் இப்படித்தேன், வேதக்காரியா இருந்தும் செவ்வாக்கெழம மோர் குடுக்காது," என்றார். ஒரு நாள் வீண். எனக்குப் பொறுக்கவில்லை. திட்டப்படி ஐந்து நாளில் நாற்பது பேர். இப்போது செவ்வாய்க்கணக்கையும் சேர்த்துப் புதன்கிழமையே பதினாறு பேர். ரத்தம் எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் லாட்ஜ் அறையில் இருந்த இயந்திரத்தில் போட்டுச் சுழற்றி, தெளிந்த நீரைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். பிந்தினால் குழாயோடு குப்பைக்குப் போக வேண்டியதுதான். இரவெல்லாம் மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஏழரைக்கெல்லாம் சின்னச்சாமி வீட்டில் இருந்தோம். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நான்கு ஏக்கர் மானாவாரி, ஒன்பது ஆடு. அண்ணன் இதே நோயில் ஐம்பத்தெட்டில் போய்விட்டார். அக்காவுக்கும் தொடங்கியிருக்கிறது. சின்னச்சாமியின் இடுப்பு அரைஞாண் கயிற்றில் ஓர் ஆட்டு மணி தொங்கியது. அவர் எழுந்து வெளியே நடந்தால் மனைவி பாண்டியம்மாளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

"ரெண்டு தடவ காணாமப் போயிட்டாகய்யா," என்றாள். "ஒரு தடவ காரியாபட்டி சந்தையில நின்னாக. இன்னொரு தடவ ரயில்ரோட்டுல. அதுக்கப்புறந்தேன் மணி கட்டுனேன். மொதல்ல சண்டைக்கி வந்தாக. இப்ப அவுகளே மணியத் தொட்டுப் பாத்துக்கிருவாக."

சின்னச்சாமி என்னைப் பார்த்து, "பருத்தி எடுக்க வந்தீகளா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இல்லய்யா, ரத்தம் எடுக்க."

"ரத்தம் இந்த வருசம் சரியா வெளையல," என்றார். பாண்டியம்மாள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். சின்னச்சாமி வேண்டுமென்றே சொன்னாரா, நோய் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சம்மதப் படிவம் ஒன்பது பக்கம். ஒவ்வொரு வீட்டிலும் அதை முழுக்க உரக்கப் படித்து, புரிகிறதா என்று கேட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது டாக்டர் போட்ட விதி. படிப்பது என் வேலை. அவர் முற்றத்தில் சின்னச்சாமியின் அக்காவைச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் நான்காம் பக்கம் வரை படித்தேன். அதற்குள் எட்டே கால் ஆகிவிட்டது. இன்னும் பதினைந்து பேர் பாக்கி. முப்பத்தாறு வருடத்தில் ஒரு நோயாளிக்கும் நான் எதையும் விளக்கியதில்லை. கையை நீட்டு, மடக்கு, சாயங்காலம் வந்து ரிசல்ட் வாங்கிக்கோ. இதற்கு மேல் எங்கள் கூடத்தில் பேச்சு கிடையாது. ஐந்தாம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம் வரை சேர்த்துப் புரட்டி, "இங்கே வைம்மா" என்று கைநாட்டு இடத்தைக் காட்டினேன்.

ரத்தம் எடுக்கும்போது பாண்டியம்மாள் கேட்டாள்: "இது எதனாலய்யா வருது?"

"மூளைக்குள்ள ரத்தம் நூலு நூலா உறையுதும்மா."

"அந்த நூலு கரைஞ்சா சரியாயிருமா?"

நான் நீல மூடிக் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுக்குப் பதினான்கு இருக்க வேண்டும், பதின்மூன்றுதான் இருந்தது. திரும்ப எண்ண வேண்டும். "அப்படித்தான்னு வெச்சுக்கோம்மா," என்றேன்.

பதினான்காவது குழாய் என் மடியில் கிடந்தது.

கிளம்பும்போது சாப்பிடச் சொன்னாள். ரத்தம் கொடுத்த வீட்டில் அன்று ஆட்டு ரத்தப் பொரியல். போன ரத்தம் திரும்ப ஊற வேண்டுமாம். எனக்குக் கம்மங்கூழும் சின்ன வெங்காயமும் தந்தாள். நன்றாக இருந்தது. இரண்டு சொம்பு குடித்தேன்.

வியாழக்கிழமை நரிக்குடிப் பக்கம். திரும்பும்போது வேன் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. "நேத்துத்தேன் பாத்தேன், இருந்துச்சு," என்று கருப்பையா டயரையே குறை சொன்னார். கையில் பதினெட்டு குழாய். எடுத்து இரண்டே கால் மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டரை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஆடு ஒரு மந்தையாகச் சாலையைக் கடந்தது. அறுபத்து நான்கு வரை எண்ணினேன், பஸ் நகர்ந்துவிட்டது. எனக்கு உட்கார இடமில்லை.

"பெருசு, பொட்டியில என்ன? மீனா?" என்றார் கண்டக்டர்.

"ரத்தம்."

மூன்று பேர் உட்காரும் சீட்டு முழுக்கக் காலியானது. பின்னாலிருந்து ஒரு பெண், "யாரு ரத்தமோ என்னமோ, மெட்ராசுல விக்கிறதுக்குக் கொண்டுபோறாக போல," என்றாள். பெட்டியை மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை வந்து சேர்ந்தேன். மூன்று மணி ஐம்பது நிமிடம். பத்து நிமிடம் மிச்சம். அன்று என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள் என்பதால் அறையிலேயே இருந்து கணக்குப் பார்த்தோம். சின்னச்சாமியின் குழாய் ஒன்றில் ரத்தம் கோட்டுக்கு ஒரு நூலிழை கீழே நின்றிருந்ததாகக் குறிப்பில் எழுதியிருந்தேன். உறைதல் சோதனைக்கு அளவு பிசகக் கூடாது. டாக்டர் பரவாயில்லை என்றார். நான் விடவில்லை. திங்கட்கிழமை திரும்பிப் போய் எடுத்தே ஆக வேண்டும் என்றேன். அன்று அவர் ஜெர்மனிக்குத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசியது காதில் விழுந்தது: "ஆமாம், ஒரு குழாய்க்காகத்தான். இவர் எலிகளைவிடப் பிடிவாதமாக இருக்கிறார்."

சனிக்கிழமை காரியாபட்டிப் பக்கம் ஆறு பேர். ஞாயிறு டாக்டர் பாளையம்பட்டியில் சர்ச்சுக்குப் போனார். நான் காராச்சேவு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சின்னச்சாமி வீட்டுக்குப் போனோம். பாண்டியம்மாள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. "முந்திக்கி இப்ப தேவலய்யா. நேத்து என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டாக," என்றாள்.

ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் நின்றிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆனது. பஞ்சை மாற்றினேன். ஒன்பது நிமிடம். மறுபடியும் மாற்றினேன். பதினான்கு நிமிடம் ஆகியும் பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது. குழாயில் இருந்த ரத்தம் மெல்லியதாகத் தெரிந்தது. அது என் பயமாகவும் இருக்கலாம். அப்போதுதான் மற்றதைப் பார்த்தேன். போன வாரம் ஊசி போட்ட கை முழங்கை வரை கருநீலம். வெற்றிலை போடாதவருக்கு ஈறு சிவந்திருந்தது.

"என்னம்மா கொடுத்தாய்?"

அவள் ஒளிக்கவில்லை. உள்ளே போய் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். இதய வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. பக்கத்து வீட்டுக்காரர் நாள்தோறும் ஒன்று சாப்பிடுகிறாராம். அவரிடம் காலி அட்டையை வாங்கிப் போய் டவுனில் மருந்துக் கடையில் காட்டி வாங்கியிருக்கிறாள்.

"அவுகளுக்கு ரத்தம் உறையாம இருக்குறதுக்கு டாக்டரு எழுதுன மாத்திரைய்யா. அவுகளுக்குக் கேக்குது. நீங்க உறையிறதுதேன் வெனைன்னீகள்ல."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. இவுகளுக்கு முத்திப் போனதுல்ல, சீக்கிரம் கரையட்டும்னு."

புதன் இரவிலிருந்து. விரல் விட்டு எண்ணினேன். இரண்டு, நான்கு, நான்கு, நான்கு, நான்கு, இன்று காலை இரண்டு. இருபது மாத்திரை.

எஸ்தர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சின்னச்சாமியின் கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்தார். "தலையில எங்கயும் இடிச்சாகளா?"

"இன்னிக்கி விடியக்கருக்கல்ல வாசல் நிலையில இடிச்சுக்கிட்டாக. புடைக்கக்கூட இல்ல டாக்டரம்மா. அப்பப் பிடிச்சுத் தலை வலிக்குதுங்குறாக."

கருப்பையாவும் நானும் அவரைத் தூக்கி வேனில் கிடத்தினோம். அருப்புக்கோட்டையில் ஓர் ஊசி போட்டு, மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். காரியாபட்டி வரை சின்னச்சாமி பேசிக்கொண்டு வந்தார். பருத்திக்கு மழை போதாது என்றார். என் கையைப் பிடித்து, "கூலியெல்லாம் சாயங்காலம்," என்றார். காரியாபட்டிச் சந்தை நெரிசலில் வேன் ஆறு நிமிடம் நின்றது. கருப்பையா ஹார்ன் அடித்துக்கொண்டே தலையை வெளியே நீட்டி, "ஏலே, வண்டியில ஆளு சாகக் கெடக்காகடா, ஒதுங்குங்கடா!" என்று கத்தினார். பாண்டியம்மாள் அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் முதல் தடவையாக அழுதாள். சந்தையைத் தாண்டியதும் சின்னச்சாமி வாந்தி எடுத்தார். அதன் பிறகு பேசவில்லை. வேன் குலுங்கும்போதெல்லாம் மணி மட்டும் அடித்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. இந்த நிலையில் திறந்தால் நிற்காது, ரத்தம் ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பணியில் இருந்த இளம் டாக்டர் கோபமாக வந்தார்.

"யாரும்மா இந்த மாத்திரையக் குடுக்கச் சொன்னது?"

பாண்டியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சுவரோரமாக நின்றேன். சொல்லியிருக்கலாம். என் வாயைத் திறந்து, இரண்டு வார்த்தை.

"ஆரும் சொல்லல சார். நானாத்தேன் குடுத்தேன்," என்றாள்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் எஸ்தர் என்னை மாடிப்படி அருகே அழைத்துப்போய்க் கேட்டார்: "ஆறாம் பக்கத்துல இருக்கு, சார். எந்த மருந்தும் டாக்டரக் கேக்காமச் சாப்பிடக் கூடாது, இது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சின்னு. படிச்சீங்கதானே?" இல்லை என்றேன். எத்தனை வீட்டில் என்று கேட்டார். எல்லா வீட்டிலும் என்றேன். ஆராய்ச்சியை நிறுத்தி வைக்கப்போவதாகவும், நடந்ததை எழுதி அனுப்பப்போவதாகவும் சொன்னார். பிறகு கருப்பையாவோடு வேனில் ஏறி, மற்ற வீடுகளில் அந்தப் பக்கங்களைத் தானே படித்துக் காட்டப் போய்விட்டார். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க அந்தம்மாவோட இருங்க," என்றார்.

பாண்டியம்மாள் வராந்தாவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். நான் இரண்டு இட்லிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பிரிக்கவில்லை. நானும் பிரிக்கவில்லை.

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். "அம்மா, அன்னைக்கி இதை உனக்கு நான் முழுசாப் படிக்கலை. அஞ்சு பக்கத்தை விட்டுட்டேன். நீ கேட்டதுக்குச் சொன்ன பதிலும் தப்பு," என்றேன்.

"இப்பப் படிங்க," என்றாள்.

ஐந்தாம் பக்கத்திலிருந்து படித்தேன். பிறகு நூலைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் உறைவது நோய் இல்லை, அதுதான் ஆளைக் காப்பாற்றுகிறது. மூளைக்குள் கசிவதுதான் வினை. கசிந்ததைக் கண்டு உள்ளே இருப்பவையே வெறிகொள்வதுதான் வினை. அதற்கு இன்னும் மருந்து இல்லை, இந்த மாத்திரை அதற்கு மருந்தே இல்லை. நேற்று டாக்டர் கேட்டபோது என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டுக்கும் முழுதாகப் பதில் சொன்னேன். அன்று பிற்பகல் அவள் கணவர் இறந்துபோனார். நான் படித்தபோது உள்ளே இன்னும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

முடித்துவிட்டுப் படிவத்தை மடித்தேன்.

"இம்புட்டையும் அன்னைக்கே சொல்லியிருக்கலாமேய்யா," என்றாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். படித்ததும் சொன்னதும் சேர்த்துப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.